பார்த்துப் பார்த்து

தீனி தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருந்தது. மீன்கள் வரவில்லை.

அவள் கண்ணாடியை நகத்தால் தட்டினாள். வா, வா என்று கூப்பிட்டாள். தொட்டியின் மூலையில் கிடந்த மண்சட்டிக்குப் பின்னால் ஒரு வால் அசைந்தது.

அவ்வளவுதான்.

முந்தாநாள் மகள் வாங்கி வைத்துவிட்டுப் போன ஏஞ்சல் மீன்கள், ஒரு ஜோடி. வீட்டோடு கிடக்கும் அப்பாவுக்குப் பொழுது போக ஏதாவது வேண்டுமே என்று கொளத்தூர் வண்ணமீன் சந்தை வரைக்கும் போய்த் தேடிப்பிடித்தது. வந்ததிலிருந்து அவை வாயைத் திறக்கவில்லை.

அவள் கணவரும்தான்.

தொட்டிக்கு எதிரே, சாப்பாட்டு மேசையில் அவர் உட்கார்ந்திருந்தார். முன்னால் குழைய வடித்துப் பிசைந்த பருப்புச் சோறு. பக்கத்தில் ஸ்பூன். வாதம் இடது பக்கத்தை மட்டும் இழுத்துவிட்டிருந்தது. இடது கை மடியில் கிடந்தது. வாயின் இடது ஓரம் சரிந்திருந்தது.

கல்யாணப் பந்தியில் மூன்றாம் தடவை பாயசம் கேட்டு வாங்கும் மனிதர். பரிமாறுகிறவன் பெயரைக் கூப்பிட்டு, தன் இலைக்குத் திருப்பிவிடுகிற சாமர்த்தியம் ஊரில் வேறு யாருக்கும் கிடையாது.

அந்த மனிதரா இவர்?

சாயங்காலம் வந்துபோன நர்ஸம்மா ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். இன்றைக்கும் வாயால் சாப்பிடவில்லையென்றால் காலையில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள், மூக்கில் குழாய் போடவேண்டியதுதான். புரையேறாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவள் பார்த்துக்கொண்டாள்.

நெற்றியோடு நெற்றி இடிக்கிற மாதிரி குனிந்து பார்த்தாள். தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பார்த்தாள். ஓரத்தில் வழிந்தால் துண்டால் துடைத்தாள். வழியாதபோதும் துடைத்தாள். எதையும் பார்த்துப் பார்த்துச் செய்கிறவள் என்று பெயர் வாங்கியவள் ஆயிற்றே.

இப்போதும் ஸ்பூனை நீட்டினாள். ஒரே ஒரு வாய் என்று கெஞ்சினாள். மகள் பெயரைச் சொல்லிக் கெஞ்சினாள்.

அவர் உதட்டை இறுக்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

அவளுக்குக் கோபம் வந்தது. பயத்தில் வருகிற கோபம். பிடிவாதத்துக்கென்றே பிறந்தவர் என்று வாய்விட்டே திட்டினாள். ஸ்பூனைத் தட்டில் போட்டுவிட்டு எழுந்து மறுபடியும் மீனிடம் போனாள். இன்னொரு சிட்டிகை தூவினாள். மூக்கைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டு, தின்று தொலையுங்களேன் என்றாள்.

பின்னாலிருந்து குரல் வந்தது. குழறிய, எச்சில் கலந்த குரல்.

“பாக்காத. பாத்தா... திங்காது.”

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அவர் பேசிய பேச்சே இதுதான். அவள் சட்டென்று திரும்பினாள்.

அவர் மீனைப் பார்க்கவில்லை.

அவள் தோளில் கிடந்த துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளும் துண்டைப் பார்த்தாள். பிறகு தொட்டி விளக்கை அணைத்தாள். துண்டை எடுத்து மடித்து அவருடைய வலது கைக்குப் பக்கத்தில் வைத்தாள். தட்டையும் அந்தப் பக்கம் நகர்த்தினாள். ஸ்பூனை அங்கிருந்து எடுத்துவிட்டாள்.

அறையைவிட்டுப் போகத் தைரியம் இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

மின்விசிறி மட்டும் சுற்றியது.

மேசைமேல் தட்டு இழுபட்டது.

பிறகு இருமல்.

அவள் கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. பிடித்து நிறுத்தினாள். மறுபடியும் இருமல், இந்தத் தடவை அடிவயிற்றிலிருந்து. முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். முருகா, நான் திரும்பிவிடுவேன் போலிருக்கிறதே.

இருமல் நின்றது.

ஒன்றும் கேட்கவில்லை. மூச்சுகூடக் கேட்கவில்லை. சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

தட்டு மறுபடியும் இழுபட்டது. விரலை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அதன்பின் இன்னொரு தரம்.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து கேட்கிற அதே குரலில், சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

“உப்பு போதுமாங்க?”