கறை இல்லாத கண்ணாடி

“இதுலயும் கறை இருக்குதுங்க” என்று கண்ணுக்கு மாட்டுகிற பச்சைக் கண்ணாடியைத் திருப்பி நீட்டினான் கலையரசன்.

ஆரோனுக்கு எரிச்சல் பொங்கியது. சேலத்தில் பாதுகாப்புச் சாமான் கடை வைத்திருப்பவர் அவர். கையுறை, பூட்ஸ், தலைக்கவசம் வாங்க வருகிறவர்கள் விலைக்குத்தான் சண்டை போடுவார்கள். கறைக்குச் சண்டை போடுகிற ஆளை அன்றுதான் பார்த்தார்.

முதலில் கொடுத்த கண்ணாடியில் கீறல் இருந்தது உண்மைதான். அதை அவரே ஒப்புக்கொண்டு எடுத்து வைத்துவிட்டார். ஆனால் அடுத்ததிலும் கறை என்றான், அதற்கடுத்ததிலும் கறை என்றான்.

கலையரசனுக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. வாசலுக்குப் போய் வண்டியைப் பார்த்தான், போனை எடுத்துப் பார்த்துவிட்டுப் பையில் போட்டான், மறுபடி உள்ளே வந்தான். சங்ககிரியில் வீட்டோடு ஒட்டிய பட்டறை அவனுக்கு. கொலுசுக்காக வெள்ளித் தகட்டில் பூ வெட்டுகிற லேசர் மெஷினை இதுவரை அவன் ஒருவனே ஓட்டினான். முகூர்த்த மாதத்து ஆர்டர் குவிந்துவிட்டதால் நாளையிலிருந்து மனைவி கோகிலவாணியும் அதில் உட்காரப் போகிறாள். அவளுக்குக் கண்ணாடி வாங்கத்தான் இருவரும் வந்திருந்தார்கள்.

“ஏனுங்ண்ணா, அந்த வெள்ளக் கண்ணாடி பளிச்சுன்னு இருக்குதே, அதக் குடுங்களே” என்றாள் கோகிலவாணி. அவளுக்குச் சீக்கிரம் ஊர் போய்ச் சேர வேண்டும்.

“அது பலகை, அக்ரிலிக் வெட்டுற மெஷினுக்கும்மா. உங்க மெஷின் வெளிச்சம் அதுக்குள்ள பூந்து வந்துரும். உங்களுக்குப் பச்சைதான். கண்ணாடியில அடிச்சிருக்கிற நம்பரும் மெஷின் நம்பரும் ஒத்துப்போவணும்.”

“அப்ப கூலிங் கிளாஸ் ஆவாதுங்களா? இவரு அதத்தான் மாட்டிக்கிட்டு ஓட்டறாரு.”

ஆரோன் திடுக்கிட்டார். “அய்யோ, அது வெயிலுக்கும்மா! வெள்ளித் தகடு வேற, பட்ட வெளிச்சத்தத் திருப்பி அடிக்கும். அந்த வெளிச்சம் கண்ணுக்கே தெரியாது. பட்டாலும் சுருக்குன்னுகூட இருக்காது.”

“எனக்கு எல்லாம் பழகிருச்சுங்க, என்னைய உடுங்க” என்று கலையரசன் குறுக்கே புகுந்தான். “இவளுக்கு நல்லதாக் குடுங்க. இவ கண்ணுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எங்க போயி முட்டிக்கிறது?”

அதைக் கேட்டதும் ஆரோனுக்கு எரிச்சல் பாதி குறைந்துவிட்டது. பெண்டாட்டி மேல் இவ்வளவு பிரியம் வைத்தவனுக்கு எந்தக் கண்ணாடியும் குறையாகத்தான் படும் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டார்.

உள்ளே போய்ப் பிரிக்காத பெட்டி ஒன்றை எடுத்து வந்து, அவர்கள் கண் முன்னாலேயே கிழித்தார்.

“தம்பி, இதுலயும் கறைன்னா நான் கடையச் சாத்திட்டு ஊட்டுக்குப் போயிர்றேன்.”

கலையரசன் அதையும் வாங்கித் தன் வழக்கப்படியே பார்த்தான். கொலுசில் பற்றவைத்த இடத்தைச் சோதிக்கிறவன் மாதிரி, இடது கண்ணை இறுக மூடிக்கொண்டு, கண்ணாடியை வலது கண்ணுக்குக் கிட்டே பிடித்து, டியூப்லைட்டை அண்ணாந்து பார்த்தான். வெள்ளி வேலை செய்கிற எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான் அது. பிறகு உதட்டைப் பிதுக்கினான்.

“நட்ட நடுவுல இருக்குதுங்க, கருப்பா. டூப்ளிகேட் சரக்குங்களா?”

ஆரோனுக்குச் சுருக்கென்று தைத்தது. இத்தனை வருட வியாபாரத்தில் அந்த வார்த்தையை யாரும் அவரிடம் சொன்னதில்லை.

“அம்மா, நீங்க போட்டுப் பாருங்க. உங்களுக்குத்தான வாங்கறது?”

கோகிலவாணி மாட்டிக்கொண்டு தெருவைப் பார்த்தாள். எதிர்க்கடைப் பலகையை எழுத்து எழுத்தாக வாசித்தாள். தன் உள்ளங்கையைப் பார்த்தாள்.

“பச்சையாத் தெரியுது. கறை கிறை ஒண்ணும் இல்லீங்களே.”

“நல்லாப் பாரு புள்ள. இந்த வேலையில அசால்ட்டா இருக்கக் கூடாது.”

“பார்த்துட்டேனுங்க. சுத்தமா இருக்குது.”

அவனுக்கு மனசு ஆறவில்லை. அவள் கழற்றியதுமே வாங்கி, மறுபடியும் இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். “இதோ, இங்கதான இருக்குது! ரெண்டு பேத்துக்கும் தெரியலீங்கறீங்களே.”

கோகிலவாணிக்குக் கடைக்காரர் முன்னால் வெட்கமாகப் போய்விட்டது. கண்ணாடியை அவன் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கிக் கல்லாமேஜையில் வைத்தாள்.

“போதுமுங்க. அந்த அண்ணன் என்ன நெனைப்பாரு? அத உட்டுட்டு என்னைய கொஞ்சம் பாருங்க.”

மூடிய இடது கண்ணைத் திறக்க மறந்தபடியே கலையரசன் அவள் பக்கம் திரும்பினான். வெறும் கண்ணால் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான்.

“உன்ற மூஞ்சியிலயும் அதே கறை இருக்குதே, புள்ள.”