பிடுங்காத ஆணி

"ஆணியப் பிடுங்கிராதீங்க!"

காருக்குள்ளிருந்து ரூபினா போட்ட சத்தத்தில், இஜாஸ் கையிலிருந்த கட்டிங் பிளேயர் நழுவித் தார் ரோட்டில் விழுந்தது.

பேரையூரில் சின்னதாய்ச் செருப்புக்கடை வைத்திருப்பவன் இஜாஸ். மூன்று கை மாறி வந்த இந்தக் காரை வாங்கி நாலு மாதம்தான் ஆகிறது. மனைவி ரூபினாவை மதுரையில் அவள் அம்மா வீட்டில் விட்டுவிட்டு, மதியத்துக்குள் திரும்பிக் கடையைத் திறக்க வேண்டும் என்று கிளம்பியிருந்தான். ஆறு கிலோமீட்டர் வருவதற்குள் பின்பக்கம் 'டக் டக்' என்று சத்தம். இறங்கிப் பார்த்தால், டயரில் கட்டை விரல் தண்டிக்கு ஓர் ஆணித் தலை.

"பிடுங்காம எப்படிடி?"

"பிடுங்கினா பத்து நிமிஷத்துல மொத்தக் காத்தும் போயிரும். இப்ப அந்த ஆணிதான் ஓட்டைக்கு மூடி."

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வருஷம் கப்பலூரில் ஒரு டயர் கம்பெனியில் பில் போட்டவள் அவள். இஜாஸ் கட்டிங் பிளேயரை எடுத்து டிக்கியில் போட்டான்.

"ஸ்டெப்னி..." என்று இழுத்தான்.

மாற்று டயரான ஸ்டெப்னியும் காற்றில்லாமல்தான் கிடந்தது. 'அதை ஒட்டி வாங்க' என்று அவள் போன மாதமே இரண்டு தடவை சொல்லியிருந்தாள். செலவைப் பார்த்துத் தள்ளிப்போட்டது அவன்தான். இப்போது வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று காத்திருந்தான். அவளோ போனில் மணியை மட்டும் பார்த்தாள்.

கோபம் உச்சத்தில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

திருமங்கலத்து மெக்கானிக்குக் கூப்பிட்டான். "வர ஒரு மணி நேரம் ஆகும்ணே. டயரு அடிவாங்கியிருந்தா புதுசுதான் போடணும். நாலாயிரம் ரெடி பண்ணிக்கங்க" என்றார் அவர்.

"வேணாம்னு சொல்லுங்க" என்றாள் ரூபினா. "ஆணி ரோட்டுல படுற நடுப் பட்டன்ல இருக்கா, ஓரத்துல இருக்கா?"

"நடுவுல."

"அப்ப டயருக்கு ஒண்ணும் ஆகல. கொஞ்சம் தண்ணி ஊத்திப் பாருங்க."

ஊற்றினான். ஆணியைச் சுற்றி ஒன்றிரண்டு குமிழிகள் வந்தன.

"மெதுவாத்தான் கசியுது. டிக்கியில கால் பம்பு இருக்கும். முட்ட முட்டக் காத்தடிச்சிட்டு வாங்க. கல்லுப்பட்டி வரைக்கும் தாங்கும்."

வெயிலில் முந்நூறு மிதி மிதித்தான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஜன்னல் வழியே தண்ணீர் பாட்டிலை நீட்டியவள், "மெதுவா உருட்டுங்க. பள்ளத்துல விட்றாதீங்க" என்றாள்.

மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினான். அப்படியும் ஒரு பள்ளம் தப்பவில்லை. ரூபினா மேலே இருந்த கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக் கண்ணை மூடினாள்.

"டயருக்கு ஒண்ணுன்னா உனக்கே வலிக்கிற மாதிரியில்ல முகத்தச் சுளிக்கிற!" என்று சிரித்தான்.

கண்ணைத் திறக்காமலே "ரோட்டப் பாருங்க" என்றாள்.

கல்லுப்பட்டி எல்லையிலேயே பஞ்சர் கடை. கடைக்காரர் மொக்கைச்சாமி டயரைச் சுற்றிவந்து உதட்டைப் பிதுக்கினார். "உள்ள கம்பி அத்துருக்கும் தம்பி. இத நம்பி மதுர போக முடியாது. நம்மகிட்டயே ஓடின டயரு ஒண்ணு கெடக்கு. ரெண்டாயிரத்துக்குத் தாரேன்."

இஜாஸ் தலையைச் சொறிவதற்குள் ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "அண்ணே, காத்தோடதான் ஓட்டிட்டு வந்திருக்கோம். கம்பி எப்படி அறும்? ஆணிய எடுத்துட்டு ஒரு ரப்பர் திரி சொருகுங்க. சோப்புத் தண்ணி போட்டுப் பாத்துக்குவோம். அம்புட்டுத்தான்."

மொக்கைச்சாமி அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஜாக்கியை எடுத்தார். பத்தே நிமிஷம். திரி உள்ளே போனது, வால் அறுபட்டது, சோப்புத் தண்ணீரில் ஒரு குமிழிகூட இல்லை.

"அப்படியே அந்த ஸ்டெப்னியையும்..." என்று ஆரம்பித்தான் இஜாஸ்.

"அது நாளைக்கு. கேட்டதக் குடுத்துட்டு வாங்க, போவோம்" என்றாள் ரூபினா.

நூற்றைம்பது ரூபாய் கேட்டார். கொத்தமல்லிக் கட்டுக்கே அஞ்சு ரூபாய் குறைக்கச் சொல்கிறவள் வாயே திறக்கவில்லை.

"தம்பி, தங்கச்சி பேச்சக் கேட்டு நடந்துக்கங்க. நீங்க பெரிய ஆளா வந்துருவீங்க" என்றார் மொக்கைச்சாமி, காசை வாங்கிக்கொண்டே.

கார் திருமங்கலம் சாலையில் சீராக ஓடியது. இஜாஸுக்கு மனசு நிறைந்திருந்தது. நாலாயிரம் போக வேண்டிய இடத்தில் நூற்றைம்பதோடு முடித்திருக்கிறாள். ஒரு திட்டு இல்லை, ஒரு முணுமுணுப்பு இல்லை.

"வேற ஒருத்தியா இருந்தா இந்நேரம் ஊரக் கூட்டியிருப்பா. நாலாயிரம் மிச்சம் புள்ள! நீ எப்படி இம்புட்டு நேரம் பதறாம இருந்த?"

"பணத்துக்காக இல்லங்க. ஒரு மணி நேரம் காத்திருக்க முடியாது. நான் பதறியிருந்தா நீங்க ஆணியையும் பிடுங்கி, வண்டியையும் குழியில விட்டிருப்பீங்க."

கைப்பிடியை மறுபடி இறுக்கிப் பிடித்து, மூச்சை மெல்ல விட்டுவிட்டு அவள் சொன்னாள்:

"அம்மா வீட்டுக்கு வேணாம், திருமங்கலத்துலயே ஆஸ்பத்திரிக்கு விடுங்க. வீட்டு வாசல் தாண்டினதுமே வலி வந்திருச்சு, இப்ப அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணு வருது. டாக்டரம்மா குறிச்ச தேதிக்கு இன்னும் இருபது நாள் கெடக்குன்னு உங்க பிள்ளைக்கு யாரு சொல்றது?"