நூறு வாட் பல்பு

"நூறு வாட் பல்பு ஒண்ணு குடு பாய்."

கோவர்த்தனன் சொல்லி வாய் மூடவில்லை, அவர் மனைவி தாட்சாயணி பையிலிருந்து மேஜை விளக்கை எடுத்து கடைப் பலகைமேல் வைத்தாள்.

"குடுக்காத பாய். மொதல்ல இதப் பாரு."

சித்தூர் கடைவீதியில் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கும் இஸ்மாயில் விளக்கைத் திருப்பிப் பார்த்தார். பிளாஸ்டிக் குடை ஒரு பக்கம் உருகி வழிந்திருந்தது. உள்ளே ஹோல்டர் கறுத்துப்போய், ஒயரின் மேல்தோல் விரல் பட்டதும் பொடிந்தது.

"எப்பக்கா ஆச்சு?"

"நேத்து காலைல. தண்ணி புடிச்சிக்கினு வந்து பாத்தா வூடு பூரா பொக. பக்கத்துலயே மனோரமா டீச்சர் பொண்ணோட முகூர்த்தப் பட்டு. ஜாக்கெட் தெக்கக் குடுத்தது. இன்னும் ரெண்டு நிமிஷம் போயிருந்தா சேலையும் இல்ல, வூடும் இல்ல."

தாட்சாயணி தையல்காரி. இருபத்திரண்டு வருஷமாகத் தைக்கிறாள். ஒருத்தர் துணியிலும் ஒரு பொட்டுக் கறை பட்டதில்லை.

"எத்தினி வாட் போட்டிருந்தீங்க?"

"இவரக் கேளு. நாப்பதக் கழட்டிட்டு அறுபது போட்டாரு. அது பத்தலன்னு நூறு. எல்லாம் எதுக்கு? பேப்பர் படிக்க! என் மிஷின் பக்கத்துல நாற்காலியப் போட்டுக்கினு, வெளிச்சம் பத்தல, வெளிச்சம் பத்தலன்னு ரெண்டு மாசமா உயிர எடுக்கறாரு."

மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் லாரி எடை பார்த்து எழுதுகிற வேலை கோவர்த்தனனுக்கு. கண் மங்கினால் வேலை போய்விடும் என்றுதான் மனுஷன் மறைக்கிறார் என்று தாட்சாயணிக்கு உறுதியாகத் தோன்றியது. அதைக் கடையில் எப்படிச் சொல்வது?

இஸ்மாயில் ஹோல்டரின் வளையத்தைத் துணியால் துடைத்து நீட்டினார். "இதுல இன்னா எழுதியிருக்குதுன்னு பாருங்க."

தாட்சாயணி குனிந்தாள். புகை ஏறிய வளையத்தில் எழுத்து எதுவும் பிடிபடவில்லை.

"எனக்குத் தெரியல பாய், நீயே சொல்லிடு" என்றார் கோவர்த்தனன் அவசரமாக.

"பாத்தியா பாய்? அவரே ஒத்துக்கினாரு!"

இஸ்மாயில் சிரிக்கவில்லை. "நாப்பது வாட்டுக்கு மேல போடாதன்னு போட்டிருக்குது. இந்த ஹோல்டரும் குடையும் அந்தச் சூட்டைத்தான் தாங்கும். குண்டு பல்பு வெளிச்சத்தவிட சூட்டத்தான் ஜாஸ்தி கக்கும். இதுக்குள்ள நூறு போட்டா எரியாம இன்னா பண்ணும்? இத்தத் தூக்கிப் போட்டுட்டு வேற விளக்கு வாங்கிக்கங்க. ஒம்பது வாட் எல்இடி போடுங்க. பழைய அறுபது வாட் வெளிச்சம் வரும். சூடு கம்மி."

புது விளக்கில் மாட்டி எரியவிட்டார். பளிச்சென்று வெள்ளை வெளிச்சம் பலகைமேல் விழுந்தது.

"போதுமா தாட்சா?"

"என்ன எதுக்குக் கேக்கறீங்க? படிக்கறது நீங்கதான?"

கோவர்த்தனன் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "பத்தல" என்றார்.

"அண்ணா, தப்பா நெனக்காதீங்க" என்றார் இஸ்மாயில். "இதுக்கு மேல வெளிச்சம் ஏத்தி பிரயோசனம் இல்ல. ஒரு தரம் கண்ணக் காட்டிடுங்க."

சண்டைக்கு நிற்பார் என்று தாட்சாயணி பயந்தாள். அவரோ உடனே தலையாட்டினார். "சரி பாய். நாளைக்கே திருப்பதிக்குப் போறோம். தாட்சா, நீயும் வரணும்."

இவ்வளவு சுலபமாக இறங்கி வந்துவிட்டாரே என்று அவளுக்குப் பாவமாக இருந்தது. கடையில் வைத்து மானத்தை வாங்கியிருக்க வேண்டாம்.

மறுநாள் திருப்பதி கண் ஆஸ்பத்திரியில் அவளை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, கோவர்த்தனன் வரிசையில் நின்று பெயர் பதிந்துவிட்டு வந்தார். கூடம் முழுக்க ஜனம். பக்கத்தில் இருந்த, பலமனேரிலிருந்து வந்த சந்திரம்மா என்ற பெண்ணிடம் தாட்சாயணி மனசைக் கொட்டினாள்.

"ஆம்பளைங்களுக்குத் தனக்கு ஒரு கொறன்னா ஒத்துக்க மனசு வராதுக்கா. சொல்லியிருந்தா நான் இன்னா வேணான்னா சொல்லப்போறேன்? வேல போனா போவட்டும். என் மிஷின் இருக்குது, நான் தெச்சுக் காப்பாத்த மாட்டேனா?"

இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த கோவர்த்தனன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார். அவள் அவர் கையைப் பிடித்து அழுத்தினாள்.

உள்ளேயிருந்து வந்த நர்ஸ் சீட்டைப் பார்த்துத் தெலுங்கில் உள்ளே கூப்பிட்டாள். "தாட்சாயணி! சித்தூரு தாட்சாயணி! லோபலிக்கி ரண்டி!"

"ஐயே, பேர மாத்தி எழுதிக்கினாங்க" என்று எழுந்தாள் தாட்சாயணி. "நீங்க போங்க, நான் சொல்றேன்."

"மாத்தி எழுதல. நான்தான் உன் பேரச் சொன்னேன்."

"எனக்கு இன்னா?"

கோவர்த்தனன் குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு மாசமா நீ ஜாக்கெட்டுக்கு ஊக்கு வெக்கறது இடம் மாறிப் போவுது தாட்சா. சொன்னா மிஷின மூடிட்டு மூலையில உக்காந்துடுவ. பல்பப் பெருசாக்கினா போதும்னு நெனச்சுட்டேன், வூட்டயே கொளுத்தப் பாத்தேன்."

"அப்ப உங்க கண்ணு...?"

அவர் திறந்திருந்த கதவு வழியே டாக்டர் அறையின் கடைசிச் சுவரில் மாட்டியிருந்த எழுத்து அட்டையைப் பார்த்தார். அதன் கடைக்கோடி வரியை, கண்ணைக்கூடச் சுருக்காமல், ஒவ்வொரு எழுத்தாக அவளுக்குப் படித்துக் காட்டினார்.

அந்த அட்டையில் அத்தனை வரி இருப்பதே தாட்சாயணிக்கு அப்போதுதான் தெரிந்தது.