ஆர்கனில் இல்லாத பட்டன்

சென்னையின் பழைய தேவாலயம் ஒன்றில், பைப் ஆர்கன் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள் இசைவாணி. கூரையைத் தொடும் அதன் குழாய்களைப் பார்க்கத்தான் பிள்ளைப்பாக்கம் சபையார் ஒரகடத்துத் தொழிற்சாலை ஷிப்டுக்கெல்லாம் லீவு சொல்லி, வேன் பிடித்து வந்திருக்கிறார்கள். "ஊர்ல நீங்கதான் வாசிப்பீங்களாமே, ஒரு பாட்டு வாசிங்கம்மா" என்று ஆர்கன்காரர் எழுந்து இடம் கொடுத்துவிட்டார். வண்ணக் கண்ணாடி வழியே விழும் வெளிச்சம் அவள் விரல்களில் சிவப்பாய்ப் படிகிறது. ஊர்க் கீபோர்டில் ஒரு பட்டனைத் தட்டினால் போதும், எந்தச் சுருதியையும் வெள்ளைக் கட்டைகளிலேயே வாசித்துவிடுவாள். இங்கே அந்தப் பட்டனைத் தேடித் தேடிப் பார்க்கிறாள், காணோம். பாட வேண்டிய நாத்தனார் பிரவீனா பக்கத்தில் வந்து குனிகிறாள்.

"இன்னா அண்ணி, லைன் நின்னுபூச்சா? சூப்பர்வைசரக் கூப்புடவா?"

"சுருதி மாத்துற பட்டன் இல்லடி இதுல! உன் சுருதிக்குக் கறுப்புக் கட்ட வேணும், அது எனக்கு வராது."

"அய்ய, உன் வெள்ளைக் கட்டைக்கு என் தொண்ட எட்டாதே!"

பிரவீனாவின் முகத்திலிருந்த கேலி வடிந்துபோகிறது. சபையார் எழுந்து நிற்கிறார்கள். பெஞ்சுகளில் இருக்கும் நகரத்துக்காரர்களும் திரும்பிப் பார்க்கிறார்கள். குழாய்களுக்குள் காற்று இரைகிறது. இசைவாணி வெள்ளைக் கட்டைகளை அழுத்துகிறாள், தலைக்கு மேல் எல்லாம் அதிர்கிறது. பிரவீனா கண்ணை மூடிக்கொண்டு, எட்டாத அந்தச் சுருதிக்குக் கழுத்தை நீட்டி, வாயைத் திறக்கிறாள்.