ரப்பர் படகும் சைக்கிள் பிரேக்கும்

“துடுப்புப் போடத் துப்பில்லாதவனுக்குத்தாண்டா மோட்டார்.”

பச்சைமுத்து இதைச் சொல்லாத நாள் கிடையாது. முனிராஜ் பதில் சொன்ன நாளும் கிடையாது. வீட்டு வாசலில் காற்றடித்து வைத்திருந்த ரப்பர் படகின் பின்னால் குந்திக்கொண்டு, நட்டை முடுக்கிக்கொண்டே இருப்பான்.

பட்டாளத்தில் வேண்டாமென்று கழித்துக்கட்டிய படகு அது. மோட்டார், சுதந்திரம் வந்ததும் சீமைக்குக் கப்பலேறிய துரை ஒருவர் விட்டுவிட்டுப் போனது. சின்னதுதான், ஒரு ஆள் தூக்கிவிடலாம்.

ரப்பரில் மோட்டாரை எங்கே மாட்டுவது? பின்பக்கம் ஒரு பலகையை வைத்து இறுகக் கட்டி, அதில் மாட்டினான். ஒரே நாளில் முடிந்த வேலை. அதற்கப்புறம் நாலு மாசமாக எதைத்தான் நோண்டுகிறானோ தெரியவில்லை. பெங்களூர் அல்சூரில் அந்தத் தெருவே சிரித்தது.

“அண்ணே, நீங்களாச்சும் புத்தி சொல்லுங்க,” என்றாள் முனிராஜின் பெண்டாட்டி சரசு. “சைக்கிள் பிரேக்கைக் கழட்டிட்டாரு. இருந்ததே அது ஒண்ணுதான். இப்ப காலைத் தேச்சுத் தேச்சு வண்டியை நிறுத்துறாரு. ரெண்டு ஜோடி செருப்பு போச்சு.”

“படகுக்குப் பிரேக் போடற மொத ஆளு நீதாண்டா,” என்றான் பச்சைமுத்து.

முனிராஜ் அடுத்த நட்டை முடுக்கப் போய்விட்டான்.

இரண்டு பேரும் ஒரே நாளில், பாலம் கட்டுகிற சாப்பர் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள். அல்சூர் ஏரியில் ஒரே படகு, ஆளுக்கொரு துடுப்பு. வலது பக்கம் பச்சைமுத்து, இடது பக்கம் முனிராஜ். அந்த ஜோடியை முந்த அப்போது ஆளே கிடையாது. விடியற்காலைப் பனியில் துடுப்பிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் பச்சைமுத்துவின் காதில் இன்னும் இருந்தது.

அப்புறம் யுத்தம் வந்தது. பச்சைமுத்து வலது கையை பர்மாவில் விட்டுவிட்டுத் திரும்பினான். இப்போது கண்டோன்மென்ட்டில் ஒரு சினிமாக் கொட்டகையில் கேட் வேலை. டிக்கெட்டைப் பல்லால் கடித்துக் கிழிப்பான்.

ஊர் திரும்பியதும் ஒரே ஒரு தடவை ஏரிக்குப் போனான். ஒற்றைத் துடுப்பு போட்டால் படகு எங்கே போகும்? நின்ற இடத்திலேயே சுற்றியது. அன்றிலிருந்து ஏரிக்கரைப் பக்கமே போவதில்லை. வேலைக்குக்கூட மார்க்கெட் வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போவான்.

அப்பேர்ப்பட்டவன் கண்ணெதிரே, கை இரண்டும் கல்லு மாதிரி இருக்கிற ஒருத்தன் மோட்டார் மாட்டினால் வயிறு எரியாதா?

போதாக்குறைக்கு முனிராஜ் அவனிடமே வேலை வாங்கினான்.

“டேய், இந்தக் கயித்தை இழு. எனக்குத் தோள்பட்டை புடிச்சுக்கிச்சு.”

மோட்டாரைக் கிளப்புகிற கயிறு. பச்சைமுத்து இழுத்தான்.

“கஷ்டமா கீதா?”

“ஆமா, இன்னா இப்ப?”

இரண்டு நாள் கழித்து, “இப்ப இழு பாக்கலாம்.” அடுத்த வாரம், “இந்தப் புடியைப் புடி. கை வலிக்குதா?”

இழுக்கிற ஒவ்வொரு தடவையும் பச்சைமுத்துவுக்கு மனசு சுருக்கென்றது. ஒற்றைக் கைக்காரனிடம் போய்த் தோள் வலி என்கிறானே, இவனெல்லாம் ஒரு சிநேகிதனா என்று நினைத்துக்கொண்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முனிராஜ் வந்து நின்றான். “இன்னிக்கு ஏரியில வுடறேன். வா.”

“நான் வரலை.”

“முழுகினா சிரிக்கறதுக்கு ஒரு ஆளு வேணாமா?”

அதற்காகவே கிளம்பினான் பச்சைமுத்து.

கரையில் படகை இறக்கியதும் முனிராஜ் இரண்டு துடுப்பையும் எடுத்துக்கொண்டு முன்னால் போய் உட்கார்ந்தான், மோட்டாருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

“யாருடா ஓட்டறது?”

“பின்னாடி உக்காரு.”

பச்சைமுத்து ஏறி உட்கார்ந்தான். இடது கையை வைக்க இடம் தேடினான். தேட வேண்டியிருக்கவில்லை. மோட்டாரின் பிடி கைக்கு நேராக வந்து நின்றது.

துரை ஓட்டியபோது அந்த மோட்டாருக்கு இரண்டு கை வேண்டியிருந்தது. படகைத் திருப்ப ஒன்று, வேகத்தைக் கூட்ட ஒன்று. இப்போது திருப்புகிற பிடியிலேயே சைக்கிளின் பிரேக் இருந்தது. அதிலிருந்து ஒரு கம்பி மோட்டாருக்குள் போயிற்று. விரலால் அழுத்தினால் வேகம், விட்டால் நிதானம். ஒரே கை போதும்.

பச்சைமுத்து அதை ஒரு தடவை அழுத்திப் பார்த்தான். கயிற்றைப் பிடித்து இழுத்தான். ஒரே இழுப்பில் மோட்டார் கிளம்பியது.

படகு சுற்றவில்லை. நேராகப் போயிற்று. கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பச்சைமுத்துவுக்குத்தான் எதிர்க்கரை சரியாகத் தெரியவில்லை. கண் நிறைந்திருந்தது.

நடு ஏரியில் மோட்டாரை நிறுத்தினான்.

“நாலு மாசமா உன்னை இன்னா இன்னாவோ பேசிட்டேன், முனிராஜு.”

முனிராஜ் அப்போதும் திரும்பிப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த துடுப்பைத் தடவிக்கொண்டே சொன்னான்:

“நீ பேசினதுல இன்னாடா தப்பு? எனக்கு எதுக்கு மோட்டாரு? எனக்குத்தான் துடுப்பு கீதே.”