வேண்டாமென்ற கூடு

மழை வலுப்பதற்குள் கூட்டை முடித்துவிட வேண்டுமென்று கிணற்றோரக் கருவேலமரத்தில் ஓர் ஆண் தூக்கணாங்குருவி அல்லாடிக்கொண்டிருந்தது. பாதி முடிந்ததும் பெண்குருவி வந்து பார்க்கும். அதற்குப் பிடித்தால்தான் மீதி வேலை. முதல் இரண்டைத் தள்ளியதுபோலவே, மூன்றாவது கூட்டிலும் அது ஒரு புல்நாரை இழுத்துப் பார்த்தது. "காத்துக்குத் தாங்காது" என்று சொல்லிவிட்டுப் பறந்துபோனது.

ஆண்குருவிக்கு வெறுத்துப்போயிற்று. 'யார் கேட்டு இதையெல்லாம் கட்டுகிறேன்? கட்டாவிட்டால் நான் யார்?' பதில் கிடைக்காத கோபத்தில், முதலில் கட்டிய கூட்டைப் பிய்த்தெறியப் போனது.

உள்ளேயிருந்து ஒரு சில்லைக்குருவி எட்டிப் பார்த்தது. அதன் சிறகடியில் குஞ்சுகள்.

"அண்ணே, நீங்க கட்டினதா இது? நேத்து அடிச்ச காத்துமழையில பிள்ளைங்க மேல ஒரு சொட்டு விழலண்ணே. நல்லா இருப்பீங்க."

"இது வேண்டாம்னு தள்ளின கூடு, தங்கச்சி."

"யாரு தள்ளினா? நாங்க உள்ளதானே இருக்கோம்."

ஆண்குருவி பிய்க்க வந்த அலகால், பிரிந்து தொங்கிய ஒரு நாரை உள்ளே செருகியது.

"ரொம்ப நன்றி, தங்கச்சி."

"கட்டினது நீங்க. நீங்க எதுக்குண்ணே நன்றி சொல்றீங்க?"

அதற்குள் ஆண்குருவி நாலாவது கூட்டுக்குப் புல் கிழிக்கப் போய்விட்டிருந்தது.