ஐந்தாவது வாரமும் அதே வார்த்தை

"டீச்சர், அந்த 'மைண்ட்'... இன்னொரு தடவை சொல்றீங்களா?"

சோளமாவுத் தமால் அவித்து விற்கும் செனைதா கை தூக்கியதும் வகுப்பே சிரித்தது. மெக்சிகோவில், ஓஹாக்கா பக்கத்துச் சிற்றூர். தேவாலயத்தின் பின்னறையில் சனிக்கிழமைதோறும் பெரியவர்களுக்கு ஆங்கில வகுப்பு.

"தமால் மாவோட மூளையையும் சேர்த்து வேக வெச்சுட்டியாக்கா?" என்றான் டயர் கடை ரூபேன்.

அரசேலி டீச்சர் எரிச்சலை அடக்கிக்கொண்டாள். "பெயரா வந்தா நம்ம ஸ்பானிஷ் 'மெந்தே', மனசு. வினையா வந்தா ஓரிடத்துல பார்த்துக்கறது, இன்னோரிடத்துல ஆட்சேபிக்கறது. 'நெவர் மைண்ட்'னா, விடு, பரவாயில்லை. போதுமா?"

"அந்தக் கடைசியை மட்டும் மெதுவா, சத்தமா..."

"உங்க ஒருத்தருக்காக இருபது பேர் காத்துக் கிடக்கணுமா, செனைதா?"

"என்னோடது ஓட்டைத் தலை டீச்சர், கோவிச்சுக்காதீங்க."

அரசேலி மறுபடி மெதுவாக, சத்தமாகச் சொன்னாள். செனைதாவுக்குப் பக்கத்தில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் டான் எர்மிலோ குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்.

வகுப்பு முடிந்தது. வாசலில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வழி கேட்க, செனைதா ஆங்கிலத்தில் மளமளவென்று வழி சொன்னாள். அவர்களைச் சிரிக்கக்கூட வைத்தாள்.

அரசேலி திகைத்து நின்றாள். "எங்க கத்துக்கிட்டீங்க?"

"டல்லஸ்ல பதினோரு வருஷம் வீட்டு வேலை."

"அப்புறம் ஏன் அஞ்சு வாரமா என் உயிரை எடுத்தீங்க?"

நோட்டை மார்போடு அணைத்தபடி போய்க்கொண்டிருந்த டான் எர்மிலோவைப் பார்த்தாள் செனைதா.

"அவர் மகன் அமெரிக்காவுலயே இறந்துட்டான். அங்க வளர்ற பேத்திக்கு நம்ம பாஷை வராது. ஞாயித்துக்கிழமை என் கடைப் பக்கத்து பெஞ்சுல உக்காந்துதான் அவகிட்டப் போன்ல பேசுவார். அவ ஏதோ கேப்பா, இவருக்குப் புரியாது. 'நெவர் மைண்ட்'னு வெச்சிடுவா. இவர் அந்தப் போனையே பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பார். ஒரு வாரமாவது அவ அதைச் சொல்லாம பேசிட மாட்டாளான்னு ஏக்கம்."

"நீங்களே அர்த்தம் சொல்லியிருக்கலாமே?"

"சொல்லத்தான் போனேன். 'எல்லாம் தெரியும் பொண்ணே'னு அனுப்பிட்டார். காதும் மந்தம். இன்னிக்குத்தான் முழுசா எழுதினார்."

"அவரே கை தூக்கியிருக்கலாம் இல்லையா?"

"எப்படித் தூக்குவார்? இங்க பாதிப்பேர் அவர்கிட்டப் படிச்சவங்க. சொன்னதைத் திரும்பக் கேட்டா வெயில்ல முட்டி போட வைப்பார்."

செனைதா முழங்காலைத் தடவிக்கொண்டாள்.

"அதிகமா போட்டது நான்தான்."